தொண்ணூறு நாள் வெயில்

ஒருவருடைய தோலில் மிளகளவு கிள்ளி எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்து, அவருடைய புற்றையும் அதிலேயே வளரவிட்டு, அறுத்து, அதன் பிறகு வரப்போகும் ஐந்து வருடத்தைப் பதினைந்து நாளில் ஓட்டிக் காட்டுவது என் உத்தியோகம். கேட்பதற்கு மாயவித்தை மாதிரி இருக்கும். செய்கிறவளுக்கு அது தயிருக்கு உறை ஊற்றி வைப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சூடு மாறக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது. பத்தொன்பது வருடமாக இந்த மூன்றையும் இம்மி பிசகாமல் செய்துவந்தேன். அந்த ஒழுங்கை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் நாகஜோதி. மாவட்ட மருத்துவமனையில் தோல் புற்றுப் பிரிவில் வேலை. நான் வளர்க்கும் தோலுக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் ‘தட்டு’ என்போம், என்னைத் தட்டுக்காரி என்பார்கள்.

வானத்தைக் குளிர வைக்கிறேன் என்று மேலே எதையோ தூவப் போய் ஓசோன் மெலிந்தது எங்கள் அப்பா காலத்தில். குளிர்ந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எங்கள் பக்கத்துக் கரிசலில் முப்பது கிலோமீட்டருக்குச் சூரியத் தகடுகள் நிற்கின்றன. ஜனங்கள் அதைக் கண்ணாடிக் காடு என்பார்கள். அங்கே தகடு கழுவும் பெண்களுக்கு மேலிருந்து ஒரு வெயில், கண்ணாடியில் பட்டு முகத்துக்குத் திரும்பும் வெயில் இன்னொன்று. நம் நிறத்துக்கு இந்த நோய் அபூர்வம் என்று ஒரு காலத்தில் பாடம் நடத்துவார்களாம். இப்போது திங்கட்கிழமை காலை எங்கள் வரிசை மருந்துக் கவுண்டரைத் தாண்டி வாசல்வரை நிற்கும்.

இந்தப் புற்றை அறுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஒரே வெட்டு, இன்னொன்று அடுக்கு வெட்டு. ஆளுக்கு இரண்டு தட்டு வளர்த்து, ஒன்றில் இப்படியும் ஒன்றில் அப்படியும் அறுத்து, ஐந்து வருடம் ஓட்டி, எதில் திரும்ப வருகிறது என்று பார்ப்போம். ஆயிரத்து இருநூறு பேரின் தட்டுகள் சொன்ன கணக்கு இது: ஒரே வெட்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத் திரும்ப வரும், அடுக்கு வெட்டிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். வேறுபாடு இல்லை என்றதும், நாள் முழுக்கப் பிடிக்கும் அடுக்கு வெட்டு எதற்கு என்று மருத்துவமனைக் குழு அதற்கான அறையை மூடிவிட்டது. யாருக்கு எந்த அறுவை என்பதை ஒதுக்கீட்டு மெஷின் சொல்லும். அது எல்லாருக்கும் ஒரே வெட்டு என்றது. இருபத்திரண்டு வருடம் அடுக்கு வெட்டு செய்துவந்த டாக்டர் பரஞ்சோதி புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

இருளாயிக்கு முப்பத்தெட்டு வயது. வலது கண்ணுக்குக் கீழே மூக்கோரத்தில் ஒரு பருவளவு புண்ணோடு முதல் தடவை வந்தாள். அவளுடைய தட்டுகள் இரண்டும் ஐந்து வருடம் ஓடியும் பளிச்சென்று இருந்தன. ஒரே வெட்டு, நாற்பது நிமிடம், மூன்றாம் நாள் வீடு. சரியாகப் பதினான்கு மாதம் கழித்து அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றாள்.

“திரும்ப வராதுன்னு சொன்னீகளேம்மா,” என்றாள் என்னிடம். குறையாகச் சொல்லவில்லை. தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்கிற குரல்.

டாக்டர் பரஞ்சோதி விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண்குழி ஓரத்துக்கு வந்துவிட்டது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்தா பாரு இருளாயி, ரெண்டு வழி இருக்கு. உருளைக்கெழங்குல சொத்தை இருந்தா சுத்தித் தாராளமா வெட்டி எறியுறோம்ல, அது மாதிரி ஒரே வெட்டு. அரை மணி நேர வேல. ஆனா இந்த எடத்துல தாராளமா வெட்டுனா கண்ணும் சேந்து போயிரும்.”

“ரெண்டாவது என்னங்கய்யா?”

“அடுக்கு வெட்டு. மெல்லிசா ஒரு அடுக்குச் சீவுவேன். நீ கட்டுப் போட்டுக்கிட்டு வெளிய உக்காந்திருப்ப. சீவுனத உறைய வச்சு, மைக்ரோஸ்கோப்புல விளிம்பு பூரா பாப்பேன். எந்த மூலையில வேர் தெரியுதோ அங்க மட்டும் அடுத்த அடுக்கு. வேர் தீந்துருச்சுன்னு கண்ணால பாத்த பெறகுதான் நிறுத்துவேன். ஒரு நாள் பூரா ஆகும். கண்ணு பெரும்பாலும் தப்பிச்சுரும்.”

“ரெண்டுல எது திரும்ப வராது?”

“ரெண்டும் ஒண்ணுதான்னு மெஷின் சொல்லுது.”

“நீங்க என்ன சொல்றீக?”

“நான் சொன்னா, தன் கடைச் சரக்க விக்கிறான்ம்பாங்க,” என்றார் டாக்டர். சிரிக்கவில்லை.

புதிய தட்டுகள் வளர்த்தோம். இந்தத் தடவையும் இரண்டும் பளிச். மெஷின் ஒரே வெட்டு என்றது; கண்ணோடு சேர்த்து, அடுத்த வியாழக்கிழமை. காகிதத்தை அவளிடம் கொடுக்கும்போது எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் பெரும்பாலும் எதிரில் இருக்கும் ஏழைமேல்தான் பாயும்.

“வெயில்ல போகக் கூடாதுன்னு போன தடவ எழுதிக் குடுத்தோம்ல? கைநாட்டு வச்சியா இல்லையா?”

“வச்சேன்ம்மா.”

“பெறகு?”

“வெயில்லதானம்மா வேல. நெழல்ல எங்க தகடு நிக்கிது?” என்றாள். “ஒத்தக் கண்ணோட போனா ஏணியில ஏத்த மாட்டாக. அதத்தான் யோசிக்கிறேன்.”

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. என் தட்டுகள் ஐந்து வருடத்தையும் இருட்டுப் பெட்டிக்குள் கழித்த தோல்கள். வெளிச்சம் படக் கூடாது என்பது பெட்டி செய்து அனுப்பிய வெளிநாட்டுக்காரன் எழுதிய விதி. அவனுடைய நோயாளிகள் அறுவை முடிந்தால் நிழலில் இருப்பார்கள்போல. எங்கள் நோயாளிகள் நான்காம் நாள் ஏணியில் இருப்பார்கள். ஆயிரத்து இருநூறு பேருக்கு நான் வளர்த்தது வேலைக்குப் போகாத தோல். அப்படி ஒரு தோல் எங்கள் வரிசையில் ஒருத்தியிடம்கூட இல்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒண்ணுல வேர் மிச்சமிருந்து தூங்குது. இன்னொண்ணுல வேரே இல்ல. இருட்டுல வச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஜோதி. வெயில் பட்டாத்தான் தூங்குனது முழிக்கும்.”

“குழுவுல சொல்லுவோம் சார்.”

“வாயால சொன்னா கேக்க மாட்டாங்க. தட்டுல காட்டணும்.”

காட்டுவதற்கு வழியை நான்தான் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இருளாயியின் இருப்புத் தட்டுகள் இரண்டு மிச்சம் இருந்தன. டாக்டர் ஒன்றில் ஒரே வெட்டும் ஒன்றில் அடுக்கு வெட்டும் செய்து கொடுத்தார். வெயிலின் கதிரைத் தடுக்காத கண்ணாடி மூடி போட்ட ஒரு சிறு பெட்டியில் இரண்டையும் அருகருகே வைத்து, ஊட்டநீர்ப் பையை இணைத்தேன். மருத்துவமனை மாடியில் வைத்தால் நாலு பேர் கண்ணில் படும். தவிரவும் வேண்டியது கண்ணாடிக் காட்டின் இரட்டை வெயில். அந்தக் கம்பிவேலிக்குள் வேலைக்காரர்களைத் தவிர வேறு ஆளை விட மாட்டார்கள்.

“நீயே கொண்டுபோயி நீ கழுவுற எடத்துல வச்சிக்க,” என்றேன் இருளாயியிடம். “உன் பக்கத்துலயே இருக்கணும். உன் மேல எம்புட்டு வெயில் படுதோ அம்புட்டும் இதுமேலயும் படணும். திறக்கக் கூடாது. இங்க தூக்கிட்டு வரவும் கூடாது, யாராச்சும் பாத்துட்டா புடுங்கிருவாங்க. தொண்ணூறு நாள். அதுவரைக்கும் பொறுத்தா கண்ணக் காப்பாத்திரலாம்.”

தொண்ணூறு என்பதை எங்கிருந்து எடுத்தேன்? பெட்டிக்கு வெளியே தட்டின் ஓட்டம் குறையும் என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. முன்பின் யாரும் செய்யாத காரியம். குறைத்துச் சொல்லிக் குட்டுப்பட வேண்டாம் என்று கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

“அவளுக்கு மூணு மாசம் தாங்குமா சார்?” என்று டாக்டரிடம் கேட்கத்தான் செய்தேன்.

“மெதுவா வளர்ற சாதி இது. தாங்கும்னுதான் நெனக்கிறேன்,” என்றார். அவருக்கும் அந்த அறை திறக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆசை இருக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போட்ட கணக்கு அது.

இருளாயி வியாழக்கிழமை அறுவைக்கு வர மாட்டேன் என்று கைநாட்டு வைத்துவிட்டு, பெட்டியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சித்திரை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

வாரம் ஒரு தடவை போன் செய்வேன்.

“பெட்டி எப்படி இருக்கு?”

“பத்தரமா இருக்கும்மா.”

“மூடியத் திறக்கலையே?”

“தொறக்கலம்மா.”

“வெயில் நல்லாப் படுதா?”

“படுதும்மா. நல்லாப் படுது.”

எனக்கு நிம்மதியாக இருக்கும். பதின்மூன்று வாரம், பதின்மூன்று போன். பெட்டியைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. தட்டின் மேல் படும் வெயில் அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்த முகத்தின் மேலும் படுகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதைச் சொல்லித்தானே பெட்டியையே கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று மாதமும் எனக்கு இருளாயி என்றால் அந்தப் பெட்டிதான்.

தொண்ணூறாம் நாள் காலையில் புருஷனோடு வந்தாள். முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள். நான் பெட்டியை வாங்கி விளக்கின் கீழே வைத்தேன். இடது பக்கத்துத் தட்டு, ஒரே வெட்டு செய்தது, காலிஃபிளவர் மாதிரி வெடித்துப் புடைத்திருந்தது. வலது பக்கத்துத் தட்டு, அடுக்கு வெட்டு செய்தது, வெயிலில் கறுத்திருந்ததே தவிர ஒரு மெல்லிய தழும்புக் கோடு மட்டும்தான். இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி கிடைக்காது. நான் சிரித்தேன். இதை எழுதத்தான் வேண்டும்: நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

டாக்டர் பரஞ்சோதி வந்தார். அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. நேராக அவளிடம் போய் முந்தானையை விலக்கினார். இடது தட்டில் இருந்தது அவள் முகத்திலும் இருந்தது.

குழு இரண்டே நாளில் கூடியது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அனுமதி இல்லாமல் தட்டை வெளியே எடுத்ததற்கு எனக்கு ஒரு மெமோ, அடுக்கு வெட்டு அறையைத் திறக்க உத்தரவு, இன்னும் நாற்பது பேருக்கு வெயில் தட்டு வளர்க்க அனுமதி, மூன்றும் ஒரே காகிதத்தில் வந்தன. திறந்த அறைக்கு முதல் ஆள் இருளாயி.

காலை எட்டரைக்கு டாக்டர் முதல் அடுக்கைச் சீவினார். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வது, ஆள் விழித்திருப்பார். சீவியதை உறைய வைத்து நறுக்கிச் சாயம் போட்டுக் கொடுப்பது நான். நான்கு மூலையிலும் வேர் இருந்தது. கட்டுப் போட்டு வராந்தாவில் உட்கார வைத்தோம். அவள் டீ குடித்தாள். இரண்டாவது அடுக்கில் மூன்று மூலை. மூன்றாவதில் இரண்டு. எனக்கு நம்பிக்கை வந்தது.

“இன்னும் வேர் இருக்காம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் இருந்து கேட்டாள்.

“கொறஞ்சுக்கிட்டே வருது இருளாயி.”

நான்காவதில் ஒரு மூலைதான். ஐந்தாவதிலும் அதே மூலை. ஆறாவதிலும் அதே மூலை, ஆனால் வேர் கீழே இறங்கி எலும்பின் ஓட்டைக்குள் நரம்போடு போயிருந்தது. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலேயே கையுறையைக் கழற்றினார். அப்போது மணி நாலு.

அவரே வராந்தாவுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னார். “எலும்புக்குள்ள போயிருச்சு இருளாயி. அதுக்கு மேல கத்தி போகாது. வலி தெரியாம இருக்க மருந்து குடுக்குறேன்.”

“சரிங்கய்யா,” என்றாள். அவள் புருஷன்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். “ஒண்ணர மாசம் முந்தி கைக்கு வந்திருந்தா முடிச்சிருப்பேன் ஜோதி. கண்ணு போயிருந்தாலும் உசுரு நின்னுருக்கும். தொண்ணூறு நாள் கூடிப்போச்சு.” தொண்ணூறு நாள் இல்லாமல் சாட்சி இல்லை, சாட்சி இல்லாமல் அறை இல்லை, அறை இல்லாமல் மற்றவர்களுக்கு வழி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட அந்த நியாயம் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். கையில் வெயில் தட்டின் படிவம். மிச்ச நாற்பது பேருக்கும் இதை வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ‘மீண்டும் வளர்ச்சி தெரிந்த நாள்’ என்ற கட்டத்தில் 90 என்று முன்பே எழுதிவிட்டேன். அவள் படுக்கையில் உட்கார்ந்து ஒரு பக்கமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எழுதிக்கிட்டே இருக்கீக?”

“உன் தட்டப் பத்தித்தான். எத்தனாவது நாள் கட்டி தெரிஞ்சிச்சுன்னு எழுதணும். நாமதான் தொண்ணூறாம் நாள் பாத்தோமே.”

அவள் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“முப்பத்தெட்டாம் நாளும்மா,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“கட்டி வந்த நாளு. அன்னைக்கி எங்க வரிசைக்குத் தண்ணி லாரி வரல. சும்மா உக்காந்திருந்தேன். அதான் பெட்டிய நல்லாப் பாத்தேன். எடது தட்டுல மொளகு கணக்கா எந்திரிச்சிருந்துச்சு. மறுநாளு இன்னும் கொஞ்சம். வலதுல ஒண்ணுமே இல்ல. அது கண்ணாடி வழியாவே தெரிஞ்சுச்சும்மா, தொறக்கல. சத்தியமாத் தொறக்கல.”

“ஏன் இருளாயி சொல்லல?” என்றேன்.

“நீங்க தொண்ணூறுன்னு சொன்னீகல்லம்மா. நடுவுல கொண்டாந்தா பரிச்ச கெட்டுப்போயி, பெறகு எங்க வரிசைப் பொம்பளைக யாருக்கும் அடுக்கு வெட்டு குடுக்க மாட்டாகளோன்னு இருந்துச்சு. போன்ல ஒருக்கா சொல்ல வாயெடுத்தேன். ‘உன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்கு மைக்ரோஸ்கோப்பு வேணும், நீ வெயில்ல மட்டும் வையி’ன்னு சொன்னீக. சரிதான், நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்.”

சொன்னேன். ஆறாவது போனிலோ ஏழாவது போனிலோ, அடுத்த தட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அப்படியே சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் அந்தத் தட்டைத் தினமும் பார்த்தது அவள் ஒருத்திதான். சரியாகப் பார்த்தாள், நாளை எண்ணி வைத்திருந்தாள். அவளிடம் நான் வாங்க மறந்தது அவள் கண்டதைத்தான். முப்பத்தெட்டாம் நாள் சாட்சி தயாராகிவிட்டது. மிச்ச ஐம்பத்திரண்டு நாளும் அவள் ஏணியில் நின்றது எனக்குக் கொடுத்த வாக்குக்காக.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நோயாளி முன்னால் அழக் கூடாது என்பது எங்கள் பிரிவில் பழைய விதி. விதிகளைக் காப்பாற்றியதெல்லாம் போதும் என்று இருந்தது.

“அழாதீகம்மா,” என்றாள். “இப்பச் சொல்லுங்க. இனிமே வர்றவுக எத்தன நாளு பொறுக்கணும்?”

பேனாவை எடுத்து 90 என்பதை அடித்துவிட்டு 38 என்று எழுதினேன். எழுதியதை அவளிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஒரு கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“முப்பத்தெட்டுன்னா வேர் உள்ள போகாதுல்ல?”

“போகாது இருளாயி.”

“அப்பச் சரி,” என்று கஞ்சியை எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் இருளாயி இறந்துபோனாள். நாற்பது பேரின் வெயில் தட்டுகளும் அதற்குள் முடிந்துவிட்டன. அவை முப்பத்தெட்டு நாள்தான் வெயிலில் இருந்தன. பெட்டிகளைத் தகடு கழுவும் பெண்கள் சுமக்கவில்லை, கம்பிவேலிக்குள் நானே போய் வைக்க உத்தரவு வாங்கினோம். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒரே வெட்டு செய்ததில் நாற்பதில் பதின்மூன்று திரும்ப வந்தது, அடுக்கு வெட்டு செய்ததில் ஒன்று. இப்போது திங்கட்கிழமை வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாருக்கும் அடுக்கு வெட்டுதான்.

அவள் போன பிறகு அந்த முதல் படிவத்தை மேலிடத்துக்கு அனுப்பும்போது ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு இருளாயி என்று எழுதினேன். ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. முப்பத்தெட்டாம் நாளைக் கண்டறிந்தவரை மாநிலக் கூட்டத்தில் வந்து பேசச் சொல்லி, எந்தத் தேதி வசதிப்படும் என்று கேட்டிருந்தார்கள்.